சபையின் கண்ணியமும் அதன் காவலரும்: இமாம் கஸ்ஸாலியின் இரு பகுதிகள் மீதான ஒரு விமர்சன நோக்கு

மனிதர்கள் கூடிப் பேசும் இடமெல்லாம் ஒழுங்கு ஒன்று தேவைப்படுகின்றது. ஒருவரை மற்றவர் இழிவாகப் பேசலாகாது, எண்ணத்தைச் சந்தேகிக்கலாகாது, இல்லாதவரைப் பற்றிப் புறம் கூறலாகாது என்பன போன்ற விதிகளை ஆக்குவதில் பெரிய சிரமம் எதுவும் இல்லை. அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11ஆம், 12ஆம் வசனங்கள் பரிகாசம், குறைகூறல், பட்டப்பெயர் சூட்டல், தீய எண்ணம், துருவி ஆராய்தல், புறம் பேசுதல் ஆகிய ஆறினையும் அடுத்தடுத்து விலக்குகின்றன. ஒரு சமூகம் தன் உறுப்பினரிடையே நிலவ வேண்டிய கண்ணியத்துக்கு இதனைவிடச் சுருக்கமான சட்டம் வேண்டியதில்லை. சிரமம் தொடங்குவது விதியை மீறிய ஒருவர் நம் முன்னால் வந்து நிற்கும்போதுதான். அவரைத் திருத்துவது யார்? எந்த அளவுக்குத் திருத்துவது? திருத்த வந்தவரே தவறினால் அவரை நோக்கிக் கேள்வி எழுப்புவது யார்?

இக்கேள்விகள் இக்கட்டுரையாளரின் மனத்தில் ஏட்டளவில் எழுந்தவை அல்ல. பல ஆண்டுகளுக்கு முன்னர் வாராந்தம் கூடிய ஒரு வாசிப்பு வட்டத்தில் நானும் ஓர் உறுப்பினனாக இருந்தேன். ஒரு நாள் இளைஞர் ஒருவர், மூத்த ஆலிம் ஒருவரின் கருத்தை மறுத்துப் பேசும்போது வரம்பு மீறிய சொல் ஒன்றைப் பயன்படுத்திவிட்டார். வட்டத்தை நடத்தியவர் அவரை எழுந்து நிற்கச் செய்து, அவரது கல்வியின் குறையையும் குடும்பத்தார் அவரை வளர்த்த விதத்தையும் சபையறியச் சுட்டிக்காட்டி, அமரச் சொன்னார். எவரும் வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. அடுத்த வாரம் அவ்விளைஞர் வரவில்லை. அதன் பிறகு எந்த வாரமும் வரவில்லை. விதி காக்கப்பட்டது என்று அன்று கருதினோம். காக்கப்பட்டது உண்மையில் விதிதானா என்ற ஐயம் பின்னர் இமாம் அபூ ஹாமித் அல்கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலை மீண்டும் வாசிக்கையில் எழுந்தது.

நாற்பது நூல்களைக் கொண்ட அப்பெருந்தொகுப்பில் இவ்விடயத்தோடு நேரடியாகத் தொடர்புறும் பகுதிகள் இரண்டு. ஒன்று, முதல் நூலான அறிவு பற்றிய நூலின் நான்காம் அத்தியாயம். விவாத சபைகளின் தீங்குகளையும் அவை அனுமதிக்கப்படுவதற்கான நிபந்தனைகளையும் அது பேசுகின்றது. மற்றையது, இரண்டாம் காற்பகுதியில் இடம்பெறும் நன்மையை ஏவித் தீமையைத் தடுத்தல் பற்றிய நூல். இவ்விரண்டும் பொதுவாகத் தனித்தனியே வாசிக்கப்படுகின்றன. முதலாவதை அறிஞரின் ஒழுக்கம் என்றும் இரண்டாவதைச் சமூகக் கடமை என்றும் பிரித்து வைத்துவிடுகிறோம். அவற்றை ஒன்றாக வைத்து வாசிக்கும்போது, ஒரு சபையின் கண்ணியத்தை வகுப்பதும் காப்பதும் பற்றிய முழுமையான சிந்தனை ஒன்று வெளிப்படுகின்றது. அதன் பலத்தையும் அது விட்டுச்சென்ற வெற்றிடத்தையும் மதிப்பிடுவதே இங்கு நோக்கம். கஸ்ஸாலி எடுத்தாளும் செய்திகளின் அறிவிப்பாளர் வரிசையை ஹாபிழ் ஸைனுத்தீன் அல்இராக்கி (மரணம் ஹி. 806 / கி.பி. 1404) தனியாக ஆய்ந்திருப்பது அறிஞர் அறிந்ததே. ஈண்டு அச்செய்திகள் கஸ்ஸாலியின் வாதத்தை விளக்கும் உதாரணங்களாக மட்டுமே எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

வெற்றியாளரிடமிருந்து தொடங்கும் நோய்

ஹி. 484இல் (கி.பி. 1091) பக்தாதின் நிழாமிய்யாக் கல்லூரியில் ஆசிரியப் பதவி ஏற்ற கஸ்ஸாலி, விவாதக் கலையில் அக்காலத்தின் தலைசிறந்தோருள் ஒருவர். நான்கே ஆண்டுகளில், ஹி. 488இல் (கி.பி. 1095), அப்பதவியைத் துறந்து வெளியேறினார். தமது போதனையைத் தூண்டிக்கொண்டிருந்தது இறைவனின் திருப்தியன்று, புகழ் வேட்கையே என்று தாம் கண்டுகொண்டதாகத் தமது தன்வரலாற்று நூலான ‘அல்முன்கித்’தில் அவரே ஒப்புக்கொள்கிறார். அடுத்த ஆண்டு ஹெப்ரோனில் இப்ராஹீம் (அலை) அவர்களின் அடக்கத்தலத்தில் நின்று அவர் செய்துகொண்ட உறுதிமொழிகளுள் ஒன்று, இனி விவாத சபைகளில் வாதிடுவதில்லை என்பதாகும். எனவே விவாத சபையின் ஒழுக்கம் பற்றி அவர் எழுதியவை வெளியே நின்று பார்த்தவரின் குற்றச்சாட்டுகள் அல்ல. அச்சபையில் வென்றவரின் வாக்குமூலம் அது.

நான்காம் அத்தியாயம் தன் ஆய்வை ஒரு வரலாற்றுக் காரணத்திலிருந்து தொடங்குகின்றது. ஆட்சியாளர்கள் எந்த விவாதத்தை விரும்பினார்களோ அந்த விவாதத்தில் அறிஞர்கள் குவிந்தார்கள். ஷாபிஈ, ஹனபி சட்டக் கருத்து வேறுபாடுகள் அரசவையின் பிரியத்துக்குரிய பொருளானதும் கற்றவர் கூட்டம் அதன்பால் திரும்பிற்று என்கிறார் ஆசிரியர். ஒரு சபையின் ஒழுக்கம் அதன் உறுப்பினரின் தனிப்பட்ட குணத்தால் மாத்திரம் தீர்மானிக்கப்படுவதில்லை, எது அங்கே பரிசளிக்கப்படுகின்றது என்பதாலும் தீர்மானிக்கப்படுகின்றது என்ற நுண்ணிய கவனம் இதில் அடங்கியிருக்கின்றது.

தொடர்ந்து, வெற்றிக்கான விவாதத்திலிருந்து பிறக்கும் பத்துத் தீய பண்புகளை அவர் வரிசைப்படுத்துகிறார்: பொறாமை, பெருமை, பகைமை, புறம் பேசுதல், தற்புகழ்ச்சி, பிறர் குறைகளைத் துருவுதல், பிறர் துன்பத்தில் மகிழ்தல், நயவஞ்சகம், உண்மையை ஏற்க மறுக்கும் ஆணவம், முகஸ்துதி. மதுவானது வெளிப்படையான பாவங்களுக்கு எவ்வாறு வாயிலாகின்றதோ அவ்வாறே இவ்விவாதம் உள்ளத்தின் பாவங்களுக்கு வாயிலாகின்றது என்பது அவரது ஒப்பீடு. இப்பட்டியலில் ஒன்றை வாசகர் அவதானிக்க வேண்டும். வசைச்சொற்களின் அட்டவணை எதனையும் அவர் தரவில்லை. ஒரு சபையில் இன்னின்ன சொல் ஆகாது என்று விதிப்பவர், நோயின் வெளித்தோற்றத்தை மட்டுமே தொடுகிறார். மிக மென்மையான சொற்களில், ஒரு வசையும் இன்றி, எதிரியை அவமானப்படுத்தும் ஆற்றல் பெற்றவர்களைக் கஸ்ஸாலி நிறையவே கண்டிருந்தார். அவர்களுள் தாமும் ஒருவராக இருந்தார் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

அவ்வாறாயின் எதனை நெறியாக வகுப்பது? விவாதம் நற்செயலாவதற்கு அவர் இடும் எட்டு நிபந்தனைகளுள் மூன்று நமது விடயத்துக்கு இன்றியமையாதவை. முதலாவது, பெருங்கூட்டத்தின் முன்னிலும் பெரியோர் முன்னிலும் விவாதிப்பதைவிடத் தனிமையில் விவாதிப்பது விவாதிப்பவருக்கு விருப்பமாக இருக்க வேண்டும். பார்வையாளரின் முன்னிலை சிந்தனையைச் சிதறடித்துப் பகட்டைத் தூண்டுகின்றது. இரண்டாவது, உண்மையைத் தேடுபவர் தொலைந்துபோன பொருளைத் தேடுபவரைப் போல் இருக்க வேண்டும். பொருள் தன் கையால் அகப்பட்டதா, தன்னோடு தேடியவர் கையால் அகப்பட்டதா என்று அவர் வேறுபாடு பார்ப்பதில்லை. தம்மோடு விவாதிப்பவரை எதிரியாகவன்றித் துணைவராகவே அவர் காண்கிறார். மூன்றாவது, எதிர்த்தரப்பார் ஓர் ஆதாரத்தை விட்டு மற்றோர் ஆதாரத்துக்குச் செல்லும்போது, முன்னர் கூறியதோடு முரண்படுகிறாய் என்று கூறி அவரைத் தடுக்கலாகாது. கருத்தை மாற்றிக்கொள்வது தோல்வியாக எண்ணப்படலாகாது.

இரண்டாம் நிபந்தனைக்கு உதாரணமாக, கலீபா உமர் (ரழி) மக்கள் நிறைந்த சபையில் உரையாற்றுகையில் ஒரு பெண் அவரை மறுத்துரைத்ததையும் தமது தவறை அவர் அங்கேயே ஒப்புக்கொண்டதையும் கஸ்ஸாலி எடுத்தாளுகிறார். சபைக்குத் தலைமை தாங்கியவர் தாம் திருத்தப்படுவதைச் சகித்துக்கொண்டார் என்பதே இவ்வுதாரணத்தின் உயிர்நாடி. சபையின் ஒழுக்கத்தை விதிக்கும் அதிகாரம் எவரிடம் இருக்கின்றதோ அவரே அவ்விதிக்கு முதற் பணிவாளராக இருக்க வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படுகின்றது.

திருத்துபவருக்கான நிபந்தனைகள்

நெறியை வகுத்த கஸ்ஸாலி அதனை நடைமுறைப்படுத்தும் வழியைப் பிறிதோர் இடத்தில் விரிவாக ஆராய்கிறார். தீமையைத் தடுக்கும் செயலான ‘ஹிஸ்பா’வுக்கு நான்கு தூண்கள் உள்ளன என்கிறார்: தடுப்பவர், தடுக்கப்படுபவர், தடுக்கப்படும் செயல், தடுக்கும் முறை. இந்நான்கினுள் எதனையும் மற்றொன்றில் கரைத்துவிடாமல் தனித்தனியே நிபந்தனை விதிப்பதில் அவருடைய சட்ட அறிவின் கூர்மை தெரிகின்றது.

தடுக்கப்படும் செயலுக்கு அவர் இடும் நிபந்தனைகள் நான்கு. அது தீமையாக இருக்க வேண்டும். இப்போது நடந்துகொண்டிருக்க வேண்டும். துருவி ஆராயாமலே வெளிப்படையாகத் தெரிய வேண்டும். அது தீமை என்பது ஆய்வு முடிவுகளில் வேறுபாட்டுக்கு இடமின்றி அறியப்பட்டிருக்க வேண்டும். இறுதி நிபந்தனையின் விளக்கம் நம் சூழலுக்கு மிக நெருக்கமானது. தம் மத்ஹபில் ஆகுமானதைச் செய்யும் ஷாபிஈ ஒருவரை ஹனபி தடுக்கலாகாது. அவ்வாறே ஹனபியை ஷாபிஈ தடுக்கலாகாது. இவ்விரு மத்ஹபினரும் அருகருகே வாழும் தமிழ்நாட்டில் தொழுகையின் கிளைச் சட்டங்களுக்காகப் பள்ளிவாசல்களில் எழுந்த கூச்சல்களை நினைவுகூரும் எவருக்கும் இந்நிபந்தனையின் பெறுமதி விளங்கும். கருத்து வேறுபாட்டை ஒழுக்கக் கேடு என்று பெயர் மாற்றித் தண்டிப்பதே சபைகளை அழிக்கும் முதற் பிழை.

மூன்றாம் நிபந்தனைக்கு அவர் தரும் உதாரணம் பிரசித்தமானது. ஒரு மனிதரை வீட்டுச் சுவரேறிக் குதித்துக் குற்றத்தில் பிடித்தார் உமர் (ரழி). அம்மனிதரோ, தாம் இழைத்தது ஒரு தவறு, தம்மைப் பிடிக்க வந்தவர் இழைத்தவை மூன்று என்று விடையளித்தார்: துருவி ஆராய்ந்தது, வாயில் வழியாக வராதது, அனுமதியும் ஸலாமும் இன்றி நுழைந்தது. உமர் அவரை விட்டுவிட்டார். இங்கே குற்றம் உண்மையானது. சான்று கண்முன்னே இருந்தது. இருந்தும் அதனைப் பெற்ற வழி தவறானது என்பதால் நடவடிக்கை கைவிடப்படுகின்றது. ஒழுக்கத்தைக் காப்பவர் ஒழுக்கத்தை மீறிக் காக்க முடியாது என்ற கொள்கைக்கு இதனைவிடத் தெளிவான விளக்கம் கிடைப்பது அரிது.

திருத்தும் முறையை அவர் படித்தரங்களாக ஒழுங்குபடுத்துகிறார். துருவாமல் அறிந்துகொள்வது, அறியாதவருக்கு அறிவிப்பது, உபதேசத்தால் தடுப்பது, கடுஞ்சொல்லால் கண்டிப்பது, கையால் மாற்றுவது, அடிப்பதாக எச்சரிப்பது, அடிப்பது, இறுதியாகத் துணையாட்களைத் திரட்டுவது என அவை எட்டாக விரிகின்றன. கீழ்ப்படி போதுமாயிருக்க மேற்படிக்கு ஏறுவதற்கு அனுமதியில்லை. அறியாதவருக்கு அறிவிக்கும் இரண்டாம் படியிலேயே, அறியாமையைச் சுட்டுவது மனிதரை நோகச் செய்யும் என்பதால், எவரும் கற்றவராகப் பிறப்பதில்லை, நாங்களும் இதனை அறியாதிருந்தோம் என்ற தோரணையில் சொல்ல வேண்டும் என்கிறார். நோகடித்துத் திருத்துவதை ஓர் அசுத்தத்தை மற்றோர் அசுத்தத்தால் கழுவுவதற்கு ஒப்பிடுகிறார். கடுஞ்சொல்லின் படியிலும் உண்மைக்குப் புறம்பானதையும் ஆபாசமானதையும் கூறலாகாது. தேவைக்கு மேல் ஒரு சொல்லும் நீளலாகாது. அன்றைய வாசிப்பு வட்டத்தில் அவ்விளைஞரின் குடும்பத்தை இழுத்துப் பேசியது இந்த எட்டுப் படிகளுள் எதிலும் அடங்காது.

பள்ளிவாசலில் சிறுநீர் கழித்த கிராமப்புற அரபியின் சம்பவம் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்றிருக்கின்றது. தோழர்கள் பாய்ந்து தடுக்க முற்பட்டபோது, அவரை இடைமறிக்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டு, முடிந்த பின் ஒரு வாளி நீரை அவ்விடத்தில் ஊற்றச் செய்தார்கள். பள்ளிவாசலின் தூய்மை விட்டுக்கொடுக்கப்படவில்லை, நீர் ஊற்றப்பட்டது. அதே வேளை அம்மனிதரின் மானமும் விட்டுக்கொடுக்கப்படவில்லை. விதியையும் மனிதரையும் ஒருங்கே காக்கும் இம்முறையின் கோட்பாட்டு விளக்கமாகவே கஸ்ஸாலியின் படித்தரங்களை வாசிக்க முடியும்.

ஆனால் இப்பகுதியின் உச்சம் படித்தரங்களில் இல்லை. திருத்துபவரின் உள்ளத்துக்கு வைக்கப்படும் சோதனையில் இருக்கின்றது. உபதேசம் செய்பவர் அதன் மூலம் தமது அறிவின் உயர்வையும் மற்றவரின் தாழ்வையும் சுவைக்கத் தொடங்கினால், அவர் தடுக்க வந்த தீமையைவிடப் பெரிய தீமையில் விழுந்துவிட்டார் என்று கஸ்ஸாலி எச்சரிக்கிறார். தம்மை அறிந்துகொள்ள ஓர் உரைகல்லும் தருகிறார். தவறு செய்தவர் தாமாகவே விலகிக்கொள்வதோ வேறொருவர் சொல்லி விலகுவதோ தம் கையால் விலகுவதைவிடத் தமக்குப் பிரியமாக இருக்கின்றதா என்று திருத்துபவர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். இல்லையெனில் அவர் தமது ஆசையைப் பின்பற்றுகிறாரேயன்றிக் கடமையைச் செய்யவில்லை.

கஸ்ஸாலி விட்டுச்சென்ற வெற்றிடம்

இவ்வளவு நுட்பமான சிந்தனையிலும் ஒரு குறை உண்டு என்பதை மதிப்போடு சொல்லியாக வேண்டும். இவ்வுரைகல்லைத் தேய்த்துப் பார்ப்பவர் திருத்துபவர் மட்டுமே. தம் உள்ளத்தைச் சோதித்து அது தூயது என்று தாமே தீர்ப்பளித்துக்கொண்ட ஒருவரை, அவரால் அவமானப்படுத்தப்பட்டவர் எங்கே முறையிடுவது? அறிவு, பேணுதல், நற்குணம் ஆகிய மூன்றும் திருத்துபவரிடம் இருக்க வேண்டும் என்கிறார் கஸ்ஸாலி. அவை இருக்கின்றனவா என்று பார்ப்பவர் யார் என்பதற்கு அவரிடம் விடையில்லை. மேலும், ஹிஸ்பாவின் பெரும்பகுதிக்கு ஆட்சியாளரின் அனுமதியை அவர் நிபந்தனையாக ஏற்பதில்லை. கடைசிப் படியான துணையாட்களைத் திரட்டுவதில்கூடக் கருத்து வேறுபாட்டைக் குறிப்பிட்டுவிட்டு அனுமதியின் பக்கமே சாய்கிறார். அநீதியான ஆட்சியின் முன்னால் தனிமனிதரின் கடமையைக் காப்பாற்ற இது உதவியிருக்கலாம். அதே கதவு, பக்தி வேடமிட்ட முரடருக்கும் திறந்தே இருக்கின்றது.

இவ்வெற்றிடத்தை நமது மரபின் பிற துறைகள் ஓரளவு நிரப்பின. கஸ்ஸாலி பிறந்த அதே ஹி. 450ஆம் ஆண்டில் (கி.பி. 1058) மரணித்த அல்மாவர்தி, ‘அல்அஹ்காம் அஸ்ஸுல்தானிய்யா’வில் நியமிக்கப்பட்ட முஹ்தஸிபையும் தன்னார்வத்தால் முன்வருபவரையும் ஒன்பது வகையில் வேறுபடுத்தினார். மறுக்கப்படும் குற்றச்சாட்டில் சாட்சியங்களைக் கேட்டுத் தீர்ப்பளிக்கும் அதிகாரம் முஹ்தஸிபுக்கு இல்லை, அது நீதிபதிக்குரியது என்று எல்லை வகுத்தார். நீதிபதியின் ஒழுக்கம் பற்றிய நூல்களோ, இரு தரப்பாரையும் இருக்கையிலும் பார்வையிலும் சமமாக நடத்த வேண்டும், மறுதரப்பைக் கேளாமல் தீர்ப்பளிக்கலாகாது என்பவற்றைத் திரும்பத் திரும்ப வலியுறுத்தின. விவாதத் துறையில், 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஷம்ஸுத்தீன் அஸ்ஸமர்கந்தி தமது சிறுநூலின் வழியே ‘ஆதாபுல் பஹ்ஸ்’ என்ற தனிக்கலையை உருவாக்கினார். வினவுபவர் யார், நிறுவுபவர் யார், எந்தக் கட்டத்தில் எவர் எத்தகைய மறுப்பை முன்வைக்கலாம், எப்போது விவாதம் முடிவடைகின்றது என்பன வரையறுக்கப்பட்டன. இந்தியத் துணைக்கண்டத்தின் மத்ரஸாக்களில் ‘ரஷீதிய்யா’ நூல் வழியாகப் பல தலைமுறையினர் இக்கலையைக் கற்றனர். கஸ்ஸாலி உள்ளத்தில் தேடியதை ஸமர்கந்தி நடைமுறையில் தேடினார் எனலாம். தீய எண்ணம் கொண்டவரையும் முறைப்படி பேசச் செய்ய வல்லது நடைமுறை. எனினும் முறை வழுவாமலே ஒருவரை வதைக்கவும் முடியும் என்பது அதன் எல்லை.

முகமறியாச் சபையில் ஒரு சோதனை

உள்ளத்தின் நெறி, நடைமுறையின் நெறி ஆகிய இவ்விரண்டின் உறவையும் நம் காலத்தில் மிகப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்த சமூகம் ஒன்று உண்டு. ஒருவரையொருவர் நேரில் காணாத தொண்டர்கள் கூடி எழுதும் கலைக்களஞ்சியமான விக்கிப்பீடியாவே அது. 2001 ஜனவரியில் ஆங்கிலத்தில் தொடங்கிய அம்முயற்சி 2003 முதல் தமிழிலும் நடைபெறுகின்றது. பிறரை மரியாதையுடன் நடத்துதல் அதன் ஐந்து தூண்களுள் ஒன்று. மறுதரப்பார் நல்லெண்ணத்துடனேயே செயற்படுகிறார் என்று கொள்ள வேண்டும் என்பது அதன் அடிப்படை நெறிகளுள் மற்றொன்று. ‘ஹுஸ்னுள் ழன்’ என்ற பெயரில் நாம் அறிந்ததற்கு இது மிக அண்மையில் நிற்கின்றது.

அதன் நடைமுறையை நோக்கும்போது ஒப்புமை இன்னும் துலக்கமாகின்றது. ஆங்கிலப் பதிப்பில் விதி மீறியவருக்கான எச்சரிக்கைகள் நான்கு படிகளாக ஏறுகின்றன. முதற்படி அறியாமல் செய்திருப்பார் என்று கொண்டு அறிவிக்கின்றது. நான்காம் படி இறுதி எச்சரிக்கை. தடை விதிப்பது தீங்கைத் தவிர்ப்பதற்கே, தண்டிப்பதற்கு அன்று என்பதும் எழுதப்பட்ட விதி. கஸ்ஸாலியிடம் இல்லாத ஒன்றும் அங்கே இருக்கின்றது. ஒரு சர்ச்சையில் தாம் ஒரு தரப்பாக இருக்கும்போது நிர்வாகி தமது அதிகாரத்தை அதில் பயன்படுத்தலாகாது. திருத்துபவரின் உள்ளம் தூயதா என்று எவரும் கேட்பதில்லை. அவர் வழக்கில் ஒரு தரப்பா என்பது மாத்திரமே கேட்கப்படுகின்றது. உள்ளத்தின் சோதனையை வெளியே நின்று பார்க்கக்கூடிய ஒன்றாக மாற்றிய இவ்விதி உண்மையான முன்னேற்றம் என்பதை ஏற்றுக்கொள்வதில் நமக்குத் தயக்கம் வேண்டியதில்லை.

ஆயினும் நடைமுறை மட்டும் போதாது என்பதற்கும் அதே சமூகம் சான்று தருகின்றது. குரோஷிய மொழிப் பதிப்பில் நிர்வாகிகளின் சிறு குழு ஒன்று சுமார் பத்தாண்டு காலம் ஆதிக்கம் செலுத்தித் தேசியவாதச் சாய்வுடன் வரலாற்றைத் திரித்ததையும், எதிர்த்தவர்களைத் தடைசெய்து வெளியேற்றியதையும், 2021இல் வெளியான ஆய்வறிக்கை எடுத்துக்காட்டிற்று. விதிகள் அங்கும் இருந்தன. அவற்றின் காவலரே அவற்றை ஆயுதமாக்கிக்கொண்டனர். இதற்கு நேர்மாறான மற்றொரு சிக்கல் 2019 ஜூன் மாதம் எழுந்தது. ஆங்கிலப் பதிப்பின் நிர்வாகி ஒருவரை அத்திட்டத்தை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை நேரடியாக ஓராண்டு தடைசெய்தது. முறையிட்டவர்கள் யார், சான்றுகள் எவை என்பன வெளியிடப்படவில்லை. முறையிட்டவர்கள் மீண்டும் துன்புறுத்தப்படலாகாது என்பது அதற்கான நியாயம். குற்றஞ்சாட்டப்பட்டவருக்குத் தன் குற்றம் இன்னதென்று முழுமையாக அறியும் உரிமை உண்டு என்பது எதிர்த்தோரின் நியாயம். இருபதுக்கும் மேற்பட்ட நிர்வாகிகள் பதவி துறந்தனர். பயனர்களின் நடுவர் குழு செப்டெம்பரில் தடையை நீக்கிற்று. நிர்வாக அதிகாரத்தை மட்டும் அவருக்குத் திருப்பித் தரவில்லை.

இவ்வழக்கில் மோதியவை இரண்டு நியாயங்கள் என்பதை மறக்கலாகாது. பலவீனரின் பாதுகாப்பு ஒன்று. குற்றஞ்சாட்டப்பட்டவரின் செவிமடுக்கப்படும் உரிமை மற்றொன்று. முன்னதைக் கஸ்ஸாலி போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை. அவரது படித்தரங்கள் தவறு செய்தவரின் மானத்தைக் காக்கின்றன. தவறுக்கு இலக்கானவர் அச்சத்தால் மௌனிக்கும் நிலையை அவை தொடவில்லை. பின்னதை 2019இல் எடுத்த முடிவு எண்ணிப் பார்க்கவில்லை. அதன் பிறகே உலகளாவிய நடத்தை நெறி ஒன்று 2021இலும், அதனை நடைமுறைப்படுத்தும் வழிகாட்டல்கள் 2023இலும் ஏற்கப்பட்டு, 2024இல் பயனர்கள் தெரிவுசெய்த ஒருங்கிணைப்புக் குழுவும் அமைந்தது. விதி முதலில் வந்து, அதனை நிறைவேற்றும் முறையில் உடன்பாடு காண மேலும் ஈராண்டுகள் சென்றன என்ற இக்கால இடைவெளியே, எது எளிது எது கடினம் என்பதை உணர்த்தப் போதுமானது.

நமது சபைகள்

மேற்கூறியவற்றிலிருந்து பெறப்படுவது, கண்ணியத்தின் நெறி மீறியவருக்குச் சொல்லப்படுவதன்று. முதலில் அதனைக் காப்பவருக்குச் சொல்லப்படுவது என்பதே. ஒரு சபையின் கண்ணியத்தை அறிய விரும்புவோர், அங்கே நல்லவர்கள் எவ்வாறு பேசிக்கொள்கிறார்கள் என்று பார்க்க வேண்டியதில்லை; தவறியவர் எவ்வாறு நடத்தப்படுகிறார் என்று பார்த்தால் போதும். கஸ்ஸாலி இதனை மற்றெவரையும்விட ஆழமாகக் கண்டார். ஆனால் காவலரின் மனச்சாட்சியிடமே அதனை ஒப்படைத்துவிட்டார். நடைமுறையை நம்பியவர்கள் காவலரைக் காவல் செய்யும் விதிகளை ஆக்கினர். அவ்விதிகளுக்கு உயிர் கொடுக்கும் மனச்சாட்சியை விதியால் உண்டாக்க முடியாது என்பதைப் பின்னர் அறிந்துகொண்டனர். ஒன்று மற்றொன்றுக்கு மாற்றீடாகாது.

நமது ஜமாஅத் கூட்டங்களிலும் பள்ளிவாசல் நிர்வாகங்களிலும் கல்விச் சபைகளிலும் இவ்விரண்டுமே நலிந்திருக்கின்றன என்பதை ஒளிக்காமல் பேச வேண்டும். தலைமை வகிப்பவர் ஒரு தரப்பாகவும் நீதிபதியாகவும் ஒரே வேளையில் அமர்ந்திருப்பதை நாம் வழமையாகக் கொண்டுவிட்டோம். தனிமையில் சொல்ல வேண்டியதைச் சபையில் சொல்வதை வீரம் என்று கருதுகிறோம். முறையீட்டுக்கு ஒரு வழியும் வைக்காமல், ஒதுங்கிப் போனவரைப் பொறுமையற்றவர் என்கிறோம். ஹிஸ்பாவின் எட்டுப் படிகளுள் நாம் நன்கு அறிந்து வைத்திருப்பது நான்காவதை மட்டுமே போலும்.

வட்டத்தை விட்டு நீங்கிய அவ்விளைஞரின் சொல் தவறானது என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. அவருக்கு அது உணர்த்தப்பட்டிருக்க வேண்டும்; கூட்டம் கலைந்த பிறகு, தனிமையில், அவரோடு நடந்துகொண்டே. அவரைத் திருத்த முற்பட்டவரைத் திருத்தும் கடமையும் அன்று அந்த அறையில் இருந்த எங்கள் ஒவ்வொருவர் மீதும் இருந்தது. உமரை மறுத்துரைத்த அப்பெண்ணின் துணிவு எங்களில் எவருக்கும் இருக்கவில்லை. கஸ்ஸாலியின் உரைகல்லை மற்றவர் மீது தேய்த்துப் பார்ப்பதற்கு முன்னர், மௌனமாக இருந்தவர்களின் உள்ளத்தில் தேய்த்துப் பார்க்க வேண்டியிருக்கின்றது.